ஆர்வோ பேர்ட் எட்டு ஆண்டுகள் ஒதுங்கியிருந்தது ஏன்?

கேள்வி:
வணக்கம். எஸ்தோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட்டின் ‘ஃபூர் அலீனா’ என்ற பியானோ படைப்பைச் சில வாரங்களாகக் கேட்டு வருகிறேன். 1976இல் அதை எழுதுவதற்கு முன் எட்டு ஆண்டுகள் அவர் ஏறக்குறைய எதுவுமே எழுதவில்லை என்கிறார்கள். சோவியத் அரசின் தடைதான் காரணமா, அவராகவே ஒதுங்கினாரா? இவ்வளவு எளிய இசைக்கு அத்தனை காலம் தேவைப்பட்டது ஏன்?

பதில் 1:
இரண்டும் உண்டு, ஆனால் அவராக ஒதுங்கியதே முதன்மையானது என்பது என் கருத்து. 1935இல் பைடே நகரில் பிறந்த பேர்ட், தலைநகர் தாலினில் இசையமைப்பாளர் ஹெய்னோ எல்லரிடம் பயின்று, எஸ்தோனிய வானொலியில் ஒலிப்பதிவுப் பொறியாளராகவும் பணிபுரிந்தவர். 1960இல் ‘நெக்ரோலோக்’ படைப்பில் பன்னிரண்டு சுரங்களையும் சமமாக நடத்தும் ‘பன்னிரு சுர முறை’யைக் கையாண்டதற்கே அதிகாரிகள் அவரைக் கண்டித்தார்கள். 1968இல் இசை நடத்துநர் நேமே யார்வி அரங்கேற்றிய ‘கிரேடோ’, கிறிஸ்துவின் மீதான நம்பிக்கையை வெளிப்படையாக அறிவித்ததால், பெரும் சர்ச்சையாகித் தடைக்கு உள்ளானது. எனினும், ஜெர்மானிய இசைமேதை பாக்கின் இசையையும் பன்னிரு சுர முறையையும் நேருக்கு நேர் மோதவிட்ட அந்தப் படைப்போடு, அதுவரை அவர் பேசி வந்த இசைமொழி அவருக்கே தீர்ந்துவிட்டிருந்தது.

பதில் 2:
மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் அதை முழு மௌனம் என்று கொள்ள வேண்டாம். அந்த ஆண்டுகளில் திரைப்படங்களுக்கு இசையமைத்தார்; 1971இல் மூன்றாம் சிம்பொனி வந்தது. மற்ற நேரமெல்லாம் ‘கிரிகோரியன்’ எனப்படும் இடைக்காலத் தேவாலய வழிபாட்டுப் பாடல்களை ஊன்றிப் படித்து, ஒற்றைக் குரல் மெட்டுகளை ஏடு ஏடாக எழுதிப் பழகினார்.

நீங்கள் எளிமை என்று கேட்பது கடுமையான கட்டுப்பாட்டின் விளைவு. வலக்கை மெட்டை வாசிக்க, இடக்கை ஒவ்வொரு சுரத்துக்கும் இணையாக முச்சுரக் கட்டின் சுரங்களை மட்டுமே தொடுகிறது. நம் கணக்கில் ஷட்ஜம், சாதாரண காந்தாரம், பஞ்சமம். மணியோசையை நினைவூட்டும் இம்முறைக்கு, சிறு மணிகளைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து ‘டின்டினாபுலி’ என்று பெயரிட்டார். ஒரே ஓரிடத்தில் இடக்கை இந்த விதியை மீறுகிறது. சுரத்தாளில் அங்கே ஒரு சிறு பூ வரையப்பட்டிருக்கிறது. எனக்கு இந்தப் படைப்பில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இடக்கையை மட்டும் கவனித்து மீண்டும் கேட்டேன். இதுவரை பின்னணி என்று எண்ணியிருந்தது மெட்டின் மறுபாதி என்று புரிந்தது. அடுத்து எதைக் கேட்கலாம்?

பதில் 1:
1977இல் எழுதிய ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் நினைவாக அமைந்த ‘கான்டுஸ்’ படைப்பைக் கேளுங்கள். ஒரே இறங்குவரிசைதான், ஒவ்வொரு நரம்பிசைக் குழுவும் தனக்கு முந்தியதன் பாதி வேகத்தில் அதை வாசிக்கிறது. 1980இல் நாட்டைவிட்டு வெளியேறி வியன்னா வழியாக பெர்லினுக்குச் சென்ற பேர்ட்டை உலகம் அறியச் செய்த 1984ஆம் ஆண்டு ‘டபுலா ராசா’ இசைத்தட்டிலும் அது இருக்கிறது. முடிந்ததும் உடனே நிறுத்திவிடாதீர்கள். நரம்பிசை அடங்கிய பிறகுதான், அதுவரை அதனுள் மறைந்திருந்த மணியின் கார்வை தனியாகக் கேட்கும்.