புதுப்பிப்பு: சாண எரிவாயுக் கலனில் வாயு வந்தும் எரியாத பிரச்சினை தீர்ந்தது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: கலனில் வாயு சேர்கிறது, ஆனால் அடுப்பில் பற்ற மாட்டேன் என்கிறது, புளித்த வாடை வேறு. பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

"கழிவு போடுவதை நிறுத்திவிட்டு பி.ஹெச். பாருங்கள்" என்ற யோசனைதான் சரியாக இருந்தது. பி.ஹெச். என்பது அமிலத்தன்மையைக் காட்டும் எண்; 7-க்குக் கீழே குறையக் குறைய அமிலம் அதிகம். அளந்தால் 5.8! சமையலறைக் கழிவை அளவுக்கு மீறிப் போட்டிருக்கிறேன். கழிவை அமிலமாக்கும் நுண்ணுயிரிகள் வேகமாகப் பெருகும். அந்த அமிலத்திலிருந்து மீத்தேன் என்ற எரியும் வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிரிகள் மெதுவாகத்தான் வளரும், பி.ஹெச். 6.5-க்குக் கீழே போனால் முடங்கியும் விடும். அதனால் வந்ததெல்லாம் பெரும்பாலும் கரியமில வாயு. அது எப்படி எரியும்?

பத்து நாள் எதுவும் போடவில்லை. சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். அப்புறம் நன்றாக ஓடும் இன்னொரு கலனிலிருந்து இரண்டு வாளி கரைசல் வாங்கிச் சேர்த்தேன். பி.ஹெச். 7-ஐத் தொட்டது. பதினாறாம் நாள் நீலச் சுடர். பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம்.

எதிர்பாராதது ஒன்று: சோடா ஊற்றிய அன்றே வாயு மளமளவென்று ஏறியது. சரியாகிவிட்டது என்று நம்பிவிட்டேன். அதுவும் கரியமில வாயுதான், சோடா அமிலத்தோடு சேர்ந்ததால் வந்தது. இதே சிக்கலில் இருப்பவர்கள் வாயுவின் அளவைப் பார்க்காதீர்கள், சுடரைப் பாருங்கள்.

இப்போது முன்பு போட்டதில் கால் பங்கு கழிவுதான் போடுகிறேன். வாரம் ஒருமுறை மெல்லக் கூட்டுகிறேன்.