"ஏன் மாமா மறுபடியும் முதல்ல இருந்து?"

1984-இல் பிறந்தவன். ஊர் திண்டுக்கல். எங்கள் தெருவுக்கு டிவி கேம் வந்தது 1995 அரைப்பரீட்சை லீவில், பெரியப்பா வீட்டுக்கு. ஜப்பானில் நின்டெண்டோ 1983-இல் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற கேம் பெட்டியின் நகல் அது என்பதெல்லாம் ரொம்பப் பின்னால் தெரிந்துகொண்டது. மஞ்சள் கேசட்டில் '9999 இன் 1' என்று போட்டிருக்கும். எண்ணினால் ஏழெட்டு கேம்தான் தேறும். அதே மரியோ வேறு ஸ்டேஜில் தொடங்கினால் அது வேறு கேம் என்று கணக்கு.

போன மே லீவுக்கு அக்கா மகன் வந்திருந்தான். 12 வயது. அவனுடைய நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் பெட்டியில் பழைய கேம்கள் இருந்தன. சரி, நம் வீரத்தைக் காட்டுவோம் என்று சூப்பர் மரியோவைப் போட்டேன். எந்தக் கல்லில் காளான், எந்தக் குழாயில் காசு, எல்லாம் விரலுக்கே தெரியும். 1-2-இல், அதாவது முதல் வேர்ல்டின் இரண்டாவது ஸ்டேஜில், கூரைமேல் ஏறி ஓடி, 2, 3, 4-ஆம் வேர்ல்டுகளுக்குப் போகும் குழாய்களைக் காட்டினேன். அசந்துபோவான் என்று பார்த்தால், "அது தெரியும் மாமா. வீடியோல 5 நிமிஷத்துக்குள்ள மொத்த கேமையும் முடிக்கிறாங்க" என்றான். எனக்குக் கடைசியில் மீட்க வேண்டிய அந்த இளவரசியைப் பார்க்க ஒரு வருடத்துக்குப் பக்கம் ஆனது.

8-3-இல் சுத்தியல் வீசும் ஆமைகளிடம் கடைசி லைஃபும் போனது. பழக்கதோஷத்தில் 1-1-ஐத் தொடங்கினேன். அப்போதுதான் தலைப்பில் உள்ள கேள்வியைக் கேட்டான். ரீவைண்ட் செய்து சாவதற்கு முன்னால் போகலாமே என்று செய்து காட்டினான். "எங்க காலத்துல இதெல்லாம் கிடையாதுடா" என்று ஆரம்பித்தேன். அவன் செல்போனில் எதையோ தேடிவிட்டு, "இல்ல மாமா, கேம் ஓவர் ஆனதும் ஏ பட்டனை அமுக்கிக்கிட்டே ஸ்டார்ட் அடிச்சா அதே வேர்ல்டுல ஆரம்பிக்குமாம். அப்பவே இருந்திருக்கு" என்றான்.

நம்பவில்லை. அடித்துப் பார்த்தேன். 8-1 வந்து நின்றது.

எத்தனை ஞாயிற்றுக்கிழமை! "உங்களுக்கு யாரும் சொல்லலையா?" என்று பாவமாகக் கேட்டான். யார் சொல்வது? கேசட்டோடு ஒரு துண்டுக் காகிதம்கூட வராது. வந்ததெல்லாம் புரளி. உண்மையாய்ப் பலித்தது ஒன்றே ஒன்று, திருச்சியிலிருந்து வந்த ஒரு பையன் ஜாமெட்ரி நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்த, கான்ட்ரா என்ற துப்பாக்கி கேமின் ரகசியம். மேல மேல கீழ கீழ, இடது வலது இடது வலது, பி, ஏ. 30 லைஃப். அந்த லீவு முழுக்க அவனுக்கு எங்கள் தெருவில் ராஜ மரியாதை.

அப்புறம் இருவரும் கான்ட்ரா ஆடினோம். அருவி ஸ்டேஜில் ஒருவன் அவசரப்பட்டு மேலே ஏறினால் திரையும் கூடவே ஏறும், கீழே நிற்பவன் செத்தான். பெரியப்பா மகனும் நானும் இதற்காகவே இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறோம். மருமகன் செத்ததும் என்னைத் திட்டவில்லை. "இது டிசைன் தப்பு மாமா" என்றான். கேமின்மேல் தப்பு இருக்கலாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. தப்பு என்றால் பெரியப்பா மகன்தான். ஆனால் யோசித்தால் பையன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கான்ட்ரா 1987-இல் காசு போட்டு ஆடும் ஆர்கேடுக்காகப் பிறந்தது. சீக்கிரம் செத்தால்தானே அடுத்த காசு விழும்?

உங்கள் வீட்டுப் பிள்ளைகளோடு ஆடியதையும் எழுதுங்கள். பிறந்த வருடத்தை முன்னால் போடுங்கள்.

*

1987. எங்கள் வீட்டிலும் இருந்தது. நான் ஆடினேன் என்று சொல்ல முடியாது. அண்ணன் மரியோ, நான் லூயிஜி. மரியோ செத்தால்தான் லூயிஜிக்கு முறை வரும். அண்ணன் நன்றாக ஆடித் தொலைப்பான். அதனால் 'அந்தக் காலம் மாதிரி வருமா' என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு ஒட்டுவதில்லை. என் மகள் மைன்கிராஃப்டில் நாலு தோழிகளோடு ஒரே நேரத்தில் வீடு கட்டுகிறாள், யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

அவளுக்கு மரியோவைக் காட்டினேன். முதலில் வரும் பழுப்பு ஜந்துவுக்குப் பக்கத்தில் போய் நின்று செத்தாள். அதை ஏன் மிதிக்க வேண்டும் என்று அவளுக்குப் புரியவே இல்லை. அப்புறம் இடப்பக்கம் திரும்பி நடந்தாள். திரை நகரவில்லை. "வந்த வழில திரும்பிப் போகவே முடியாதாம்மா?" பத்து நிமிடத்தில் இன்னொன்றும் சொன்னாள், "மேகமும் செடியும் ஒரே படம்மா, கலர் மட்டும் மாத்தியிருக்காங்க." உண்மைதான். மொத்த கேமும் 40 கிலோபைட், காலையில் வரும் வாட்ஸ்அப் வணக்கப் படம் அதைவிடப் பெரியது. இருக்கிற இடத்துக்குள் அடக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். அத்தனை வருடம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு மட்டுமே இருந்த என் கண்ணில் இது படவில்லை.

*

2001. டிவி கேம் நான் தொட்டதில்லை. எனக்குப் பழைய கேம் என்றால் கம்ப்யூட்டரில் ரவுடியாக ஊர் சுற்றும் வைஸ் சிட்டிதான். பிரவுசிங் சென்டரில் பாதி நேரம் நோட்டில் எழுதி வைத்த சீட் கோடை, அதாவது குறுக்கு வழி ரகசியச் சொல்லை, தட்டுவதிலேயே போகும். 'பேன்சர்' என்று அடித்தால் டாங்கி வந்து நிற்கும். மிஷன் என்று ஒன்று இருப்பதே காலேஜ் போனபிறகுதான் தெரியும். ஆபீஸில் சீனியர்கள் "2002-இல் வந்ததெல்லாம் கிளாசிக்காடா" என்கிறார்கள். வீட்டில் தம்பியிடம் காட்டினால், ஹீரோ தண்ணீரில் விழுந்து செத்ததும், "இவ்ளோ பெரிய ரவுடிக்கு நீச்சல் தெரியாதா?" என்கிறான். நான் எந்தப் பக்கம் சேர்வது?

*

1979. பரணிலிருந்த செட்டை இறக்கி எல்இடி டிவியில் மாட்டினேன். வாத்து சுடும் கேம், அதே துப்பாக்கி. ஒரு வாத்துகூட விழவில்லை. துப்பாக்கி கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் தோன்றும், அந்த வெளிச்சம் துப்பாக்கியின் கண்ணில் பட்டால் வாத்து காலி. எல்லாம் பழைய டியூப் டிவியின் வேகத்துக்கு எழுதிய கணக்கு. புது டிவியில் படம் கொஞ்சம் தாமதமாக வருவதால் கணக்கு தப்பிவிடுகிறது. "உங்க வாத்துக்கு இனிமே சாவே இல்லப்பா" என்று மகன் சிரித்தான்.

பழைய இரும்புக் கடையில் 300 ரூபாய்க்கு ஒரு டியூப் டிவி கிடைத்தது. இப்போது அவன் சுட்டால் பத்துக்கு ஒன்பது விழுகிறது. நான் சுட்டால் புல்லுக்குள்ளிருந்து அந்த நாய் எழுந்து பழையபடி சிரிக்கிறது.