800 மீட்டர் ஓடுகிறவருக்கு வாராந்தர நீண்ட ஓட்டம் எவ்வளவு?

இரண்டு சுற்று:
நான் 800 மீட்டர் ஓடுகிறேன். வாரத்துக்கு மொத்தம் 55 கிலோமீட்டர். புதிய பயிற்சியாளர் ஞாயிறுதோறும் 20 கிலோமீட்டர் ஓடச் சொல்கிறார். அதை ஓடினால், செவ்வாய்க்கிழமை 300 மீட்டர் வேக ஓட்டங்களில் கால் எழவே மறுக்கிறது. இரண்டு நிமிடப் பந்தயத்துக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் எதற்கு?

மூன்றேமுக்கால் சுற்று:
இரண்டு நிமிடம்தான் என்பதால் அது வெறும் வேகப் பந்தயம் ஆகிவிடாது, நண்பரே. 800 மீட்டருக்கான ஆற்றலில் ஏறத்தாழ 60 முதல் 65 விழுக்காடு ஆக்சிஜன் வழியே கிடைக்கிறது. 1500 மீட்டரில் அது 80ஐ நெருங்கும். நியூசிலாந்து ஓட்டக்காரர் பீட்டர் ஸ்னெல்லை அவருடைய பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் மலைப்பாதையில் 35 கிலோமீட்டர் ஓடவைத்தார். 1961 டிசம்பரில் மாரத்தான் ஓடிய ஸ்னெல், அடுத்த ஜனவரி, பிப்ரவரியில் ஒரே வார இடைவெளியில் மைல், 800 மீட்டர் இரண்டிலும் உலக சாதனை படைத்தார், அதுவும் புல்தரையில். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 800, 1500 இரண்டிலும் தங்கம். உங்கள் 10 கிலோமீட்டர் வெறும் தொடக்கம்தான்.

இரண்டு சுற்று:
ஸ்னெல் அப்போது வாரத்துக்குச் சுமார் 160 கிலோமீட்டர் ஓடினார். அதில் 35 என்பது 22 விழுக்காடு. எனக்கு 55இல் 20 என்றால் 36 விழுக்காடு! அவருடைய விகிதப்படி பார்த்தால் எனக்கு 12தான் வருகிறது. தவிர, அந்த ஓட்டங்கள் பந்தயப் பருவத்துக்கு முந்தைய அடித்தளக் காலத்துக்கு உரியவை. பிரிட்டன் ஓட்டக்காரர் செபாஸ்டியன் கோவின் தந்தையும் பயிற்சியாளருமான பீட்டர் கோ, தூரத்தைக் குவிப்பதைவிடப் பல வேகங்களில் ஓடவைப்பதையே முதன்மையாகக் கொண்டார். 1981இல் செபாஸ்டியன் கோ 800 மீட்டரை ஓடிய 1:41.73 (1 நிமிடம் 41.73 வினாடி) உலக சாதனையாகப் பதினாறு ஆண்டுகள் நின்றது.

பழைய பயிற்சியாளர்:
விகிதக் கணக்கில் தம்பி சொல்வது சரி. ஆனால் கிலோமீட்டரை விட்டுவிட்டு நிமிடத்தைப் பாருங்கள். மெதுவான தசை இழைகளில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து எரிபொருளான கிளைக்கோஜன் குறையக் குறைய, உடல் வேக இழைகளையும் வேலைக்கு அழைக்கிறது. நீண்ட ஓட்டத்தின் பிற்பகுதிக்கு மதிப்பு அதனால்தான். 45 நிமிடத்தில் நிறுத்திவிட்டால் அந்தப் பலன் பெரிதாகக் கிடைக்காது. 800க்கு 60 முதல் 75 நிமிடம், 1500க்கு 75 முதல் 90 என்பது என் அளவு. பேசிக்கொண்டே ஓடும் வேகம் போதும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என்னிடம் ஓடிய பதினாறு வயதுப் பெண்ணுக்கு, அவள் வாராந்தர அளவைப் பாராமல் 100 நிமிட ஓட்டம் கொடுத்தேன். முழங்காலுக்குக் கீழே எலும்பில் விரிசல் விழுந்து ஒரு பருவமே போயிற்று. பிழை முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து வார மொத்தத்தில் கால்பங்கைத் தாண்ட யாரையும் விடுவதில்லை.

மூன்றேமுக்கால் சுற்று:
கால்பங்கு விதி சரிதான், ஐயா. ஆனால் அதற்காக ஓட்டத்தைக் குறைப்பானேன்? 55 கிலோமீட்டரை அல்லவா மெல்ல 70 ஆக்க வேண்டும்? அப்போது 17 கிலோமீட்டர் தானாகவே அடங்கிவிடும்.

இரண்டு சுற்று:
400 மீட்டரிலிருந்து 800க்கு வந்தவன் நான். 70 கிலோமீட்டருக்குப் போனால் என் கையிருப்பான வேகமே மழுங்கிவிடும். ஆறு வாரம் 65 நிமிடம் ஓடுகிறேன். வேக ஓட்டத்தை ஒரு நாள் தள்ளிப் புதன்கிழமைக்கு மாற்றுகிறேன். அப்போதும் 300 மீட்டர் நேரங்கள் சரிந்தால் மீண்டும் 10 கிலோமீட்டர்தான்.

பழைய பயிற்சியாளர்:
நல்லது. முதல் இரண்டு வாரம் கால் கனக்கும். அதை வைத்து முடிவெடுத்துவிடாதீர்கள்.