புதுப்பிப்பு: டைரக்டரியில் இல்லாத எண் திரையில் தெரிவது ஏன்?

டைரக்டரியில் (தொலைபேசி எண் பட்டியலில்) எண்ணை வெளியிடாமல் வைப்பது பற்றிய என் முந்தைய இழையில் அதிகம் வந்த கேள்வி: "பட்டியலில் இல்லாத எண், நான் அழைக்கும்போது மட்டும் எப்படித் தெரிகிறது?"

இரண்டும் தனித்தனி ஏற்பாடுகள். பட்டியலிலிருந்து எடுத்தால் அந்தப் பட்டியலில் யாரும் தேடிப் பிடிக்க முடியாது, அவ்வளவுதான். அழைப்போடு எண் போகத்தான் செய்யும். ஜிஎஸ்எம் (பரவலான மொபைல் தொழில்நுட்பம்) மொபைலில் எண்ணுக்கு முன் #31# சேர்த்து அழைத்தால் அந்த ஒரு அழைப்புக்கு மறையும். உங்கள் எண் இப்போது மறைக்கப்படுகிறதா என்று பார்க்க *#31#. சில நிறுவனங்கள் இந்த வசதியையே பூட்டி வைத்திருக்கும், அப்போது எண் மறையாது. எஸ்எம்எஸ்ஸுக்கு இது செல்லாது. அவசர சேவைக்கு எண் எப்படியும் போய்விடும். அழைப்புக் கட்டணத்தைத் தாங்களே ஏற்கும் இலவச எண்களுக்கும் சில நாடுகளில் அப்படித்தான்.

பட்டியலிலிருந்து எண்ணை நீக்க விண்ணப்பிக்கும்போது ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: அச்சுப் புத்தகத்திலிருந்து மட்டும் நீக்கமா, அழைத்து எண் கேட்கும் விசாரணைச் சேவையிலும் தர மாட்டார்களா? முதல் வகையில் பெயரும் ஊரும் சொல்லிக் கேட்பவருக்கு எண் கிடைத்துவிடும். ஏற்கெனவே அச்சான பிரதிகளைத் திரும்பப் பெற வழியில்லை. எண்ணையே மாற்றினால்தான் உண்டு.

பெரிய ஓட்டை வேறு இடத்தில். நண்பரின் மொபைலில் உங்கள் பெயரோடு எண் இருக்கிறது. அவர் ஏதோ ஒரு செயலிக்கு 'காண்டாக்ட்ஸ்' அனுமதி கொடுத்தால் போதும், உங்கள் பெயரும் எண்ணும் அதற்குப் போய்விடலாம். அந்தச் செயலியின் தளத்தில் எண்ணை நீக்கும் படிவம் இருந்தால் தனியாக நிரப்ப வேண்டும், தொலைபேசி நிறுவனம் இதில் எதுவும் செய்யாது.