காரணி தெரியாமலே பகு எண் என்று சொல்ல முடியுமா?

கேள்வி (பட்டர்வொர்த்):
ஆறாம் படிவ மாணவர்களுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். 2-இன் 67ஆம் அடுக்கிலிருந்து 1 கழித்தால் கிடைக்கும் 147573952589676412927 என்ற 21 இலக்க எண் பகா எண் அன்று எனப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்காஸ் 1876இல் நிறுவினார், காரணிகளோ 1903இல்தான் அமெரிக்கக் கணிதவியலாளர் கோலுக்குக் கிடைத்தன என்றதும், "காரணியைக் காணாமல் எப்படி, சார்?" என்று ஒரு மாணவி கேட்டார். எளிய எடுத்துக்காட்டு உண்டா?

மறுமொழி (செந்தூல், கோலாலம்பூர்):
பெர்மாவின் சிறு தேற்றத்தைக் காட்டுங்கள், ஐயா. ஒற்றைப்படைப் பகா எண் ஒன்றைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு 2ஐ உயர்த்தி, அதே பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 வந்தே தீரும். 9ஐச் சோதித்தால், 2-இன் எட்டாம் அடுக்கு 256, மீதி 4; ஆகவே 3ஐத் தொடாமலே 9 பகு எண் என்று தெரிந்துவிடுகிறது. லூக்காஸ் கையாண்டது வேறு சோதனை; ஆனால் அங்கும் பகா எண்ணுக்குக் கட்டாயமான ஒரு பண்புதான் பொய்த்தது.

மறுமொழி (ஜார்ஜ் டவுன்):
மறுதலை, அதாவது மீதி 1 வந்தாலே பகா எண் என்பது, செல்லாது என்பதையும் சொல்லுங்கள். பலரும் வழுக்குவது அங்கேதான். 341 என்பது 11 × 31; ஆயினும் 2-இன் 340ஆம் அடுக்கை அதனால் வகுத்தால் மீதி 1தான். உங்கள் 21 இலக்க எண்ணுக்குக் கோல் கண்ட காரணிகள் 193707721, 761838257287. அந்த 21 இலக்க எண்ணின் எந்தப் பகாக் காரணியும் 134இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்கும். 134 × 1445580 + 1 எவ்வளவு என்று மாணவர்களே பெருக்கிப் பார்க்கட்டும்.