பிளாஸ்டிக் பெடலில் பின் நிற்குமா, நிற்காதா?

சரளைப்பாதை:
பிளாஸ்டிக் பெடல் சின்னப் பிள்ளைகள் சைக்கிளுக்குத்தான் லாயக்கு, கால் வழுக்காமல் பிடித்துக்கொள்ள மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பின் (குட்டி முள்) எல்லாம் ஆறே மாதத்தில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும் என்று நேற்று இரும்புக்கால் ஐயா தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். நான் மூன்று வருடமாக நைலான் பெடலில்தான் மலைப்பாதை ஓட்டுகிறேன். பாறையில் பட்டால் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. அதுவே அலுமினியம் என்றால் கல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும், சைக்கிள் நின்றுவிடும், நாம் நிற்க மாட்டோம்.

இரும்புக்கால்:
பாறையைப் பற்றி யார் கேட்டது? நான் சொன்னது பின். நைலானில் பின்னைத் திருகினால் அதைப் பிடித்திருப்பது பிளாஸ்டிக் மரை. ஒரு தடவை கல்லில் இடித்துப் பின் சாய்ந்தால் மரையையும் அள்ளிக்கொண்டு வரும், அப்புறம் அந்தக் குழியில் எதுவும் நிற்காது. அலுமினியத்தில் பெரும்பாலும் பின்தான் வளையும், மாற்றிக்கொள்ளலாம். உடம்பையும் மெல்லிசாகச் செய்யலாம், அதனால் கல்லில் இடிப்பதே குறைவு. ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

காற்றில்லாட்யூப்:
எந்த பிளாஸ்டிக்? மலிவானதில் பின்னே பிளாஸ்டிக், உடம்போடு சேர்த்து வார்த்தது. இன்னும் சிலவற்றில் உலோகப் பின்னை மறுபக்கத்திலிருந்து செருகி நட்டுப் போட்டிருப்பார்கள்.

இரும்புக்கால்:
பிளாஸ்டிக் என்றால் பிளாஸ்டிக்தான். பின் நிற்காது.

சரளைப்பாதை:
என்னுடையதில் ஒரு பக்கத்துக்கு எட்டு. இன்றைக்கும் ஏழு இருக்கிறது.

இரும்புக்கால்:
ஆக, ஒன்று போயிற்று! உங்கள் வாயாலேயே வந்துவிட்டது.

சரளைப்பாதை:
அது போகவில்லை, நானே கழற்றியது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கும்போதெல்லாம் கெண்டைக்காலைக் கிழித்தது.

மழைஓட்டி:
இரண்டிலும் அச்சு எஃகுதான். பேரிங்கில் தண்ணீர் இறங்கினால் இரண்டும் ஒரே மாதிரிதான் கறகறக்கும். எடையும் ஜோடிக்கு 350, 400 கிராம் என்று பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கிறது. இதற்கா இத்தனை சண்டை?

இரும்புக்கால்:
அச்சைப் பற்றி யாரும் பேசவில்லை. எட்டில் ஒன்று போயிருக்கிறது, அதற்குப் பதில் சொல்லுங்கள்.

காற்றில்லாட்யூப்:
மரையைப் பற்றி யார் பேசுவது என்று ஒரு கணக்கு வேண்டாமா? போன மாதம் இடது பெடல் கழலவில்லை என்று நீளக் குழாயை மாட்டி முறுக்கி, பெடல் மாட்டுகிற கிராங்க் கையின் மரையையே தின்றவர் இவர். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் என்பதே அன்றைக்குத்தான் ஐயாவுக்குத் தெரிந்தது.

இரும்புக்கால்:
அதைச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான்!

காற்றில்லாட்யூப்:
ஸ்பானரை மேலே நிமிர்த்திப் பிடித்து, எந்தப் பக்கத்துப் பெடலானாலும் பின்சக்கரத்தைப் பார்த்துத் திருப்புங்கள் என்றேன். நீங்கள் முன்பக்கம் திருப்பினீர்கள். நாள் முழுக்க பின் பின் என்கிறவருக்குப் பின்பக்கம் எது என்று தெரியவில்லை.

மழைஓட்டி:
மரை கழன்றது கிராங்கில் மட்டும்தானா என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இரும்புக்கால்:
நக்கல் செய்யுங்கள், பரவாயில்லை. என் கிராங்க் என் காசு. பேச்சை மாற்றிவிட்டால் போன பின் திரும்பி வராது. எட்டில் ஏழு.

சரளைப்பாதை:
நானே கழற்றியது என்று எத்தனை தடவை சொல்வது? டப்பாவில் வைத்திருக்கிறேன், வேண்டுமானால் படம் எடுத்துப் போடுகிறேன்.

இரும்புக்கால்:
போடுங்கள். மரையில் நைலான் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.