கலைச்சொல் விவாதம்: ‘ஃபோக் எடிமாலஜி’ – ஒரு சொல் போதுமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம். ஒரு சொல் எப்படிப் பிறந்தது என்பதற்குப் பிற்காலத்தார் தாமாகக் கட்டிவிடும் விளக்கத்தை ஆங்கிலத்தில் ‘ஃபோக் எடிமாலஜி’ என்பார்கள். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் விவாதத்தில் வந்த முன்மொழிவுகளை மேற்கோளாகத் தந்து விடை எழுதுகிறேன்.

> ‘நாட்டார் சொற்பிறப்பியல்’ என்றே வைத்துக்கொள்வோமே. ஆய்வுக் கட்டுரைகளில் ஏற்கெனவே புழங்குவதுதானே?

இந்த முன்மொழிவில் எனக்கு இரண்டு தடைகள் உள்ளன. ‘இயல்’ என்னும் ஈறு ஒரு துறையைக் குறிப்பது. நாம் பெயர் தேடுவதோ துறைக்கு அன்று, ஒரு சொல்லின் பிறப்புக்குப் பிற்காலத்தார் கட்டிவிட்ட காரணத்துக்கு. அடுத்தது ‘நாட்டார்’. எர்ன்ஸ்ட் ஃபோர்ஸ்டெமன் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1852இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே இக்கருத்துக்கு ஒரு ஜெர்மன் பெயரை இட்டார். அதில் இருந்த ‘மக்கள்’ என்னும் முன்னொட்டுத்தான் ஆங்கிலத்தில் ‘ஃபோக்’ ஆயிற்று. அதை நாமும் அப்படியே சுமந்தால், சொல்லுக்குக் கதை கட்டுவது எழுத்தறியாதவர் செயல் என்று சொல்லாமல் சொன்னதாகிவிடும்.

சிற்றம்பலத்தைப் பாருங்கள். தேவாரம் பாடிய ‘தில்லைச் சிற்றம்பலம்’, சிறிய அம்பலம் என்று எளிதில் பொருள் தருவது. அது ‘சிதம்பரம்’ ஆகி, ‘சித்’ என்னும் அறிவும் ‘அம்பரம்’ என்னும் வெளியும் கூடியது என்று தத்துவ விளக்கம் பெற்றது வயல்வரப்பில் அன்று, வடமொழி கற்றோர் அவையில். ஆகவே கற்றோரும் மற்றோரும் சேர்ந்து செய்யும் ஒரு காரியத்துக்கு ஒரு சாரார் பெயரைச் சூட்டுவது முறையாகாது.

> அப்படியானால் ‘வேர்ப்போலி’ எனலாமே. நன்னூலார் ‘இலக்கணப்போலி’ என்றாரே.

சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி என்று பள்ளியில் படித்தவர்கள் இதையும் எழுத்து மாற்றம் என்றே கொள்வர். மேலும் இலக்கணப்போலியில் பொய் ஏதும் இல்லை. ‘இல்முன்’ என்பது ‘முன்றில்’ என மாறி நிற்பதைச் சான்றோர் வழக்காகவே ஏற்கின்றனர்.

உண்மையில் நம் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆங்கிலச் சொல் இரண்டு பொருள்களை ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறது. அதை அவிழ்க்காமல் மொழிபெயர்க்க முயல்வதால்தான் மூன்று வாரமாக ஒரே இடத்தில் சுற்றிவருகிறோம்.

முதற்பொருளுக்குக் கொய்யாவை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் கண்டத்துப் பழம். போர்த்துக்கீசியர் வழியாக நம் கொல்லைக்கு வந்தது. பெயரும் அவர்களுடைய ‘கொயாபா’விலிருந்து வந்ததே. ஆனால் என் அப்பத்தா, அடிமரத்தின் பட்டை உரிந்து வழவழவென்று நின்ற கொய்யா மரத்தடியில், அணில் கடித்துப் போட்ட பழத்தைப் பொறுக்கி முந்தானையில் துடைத்துக்கொண்டே, “யாரும் கொய்யாமலே வந்து விழுதுல்ல, அதான் கொய்யா” என்பார். ‘கொய்’ என்னும் வினையும் எதிர்மறை ஆகாரமும் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதால், மறுக்கவே மனம் வராது. (இல்லாத ஒன்றையே பெயருக்குக் காரணமாகக் காட்டும் போக்கு இலத்தீனிலும் உண்டு. ‘லூக்குஸ்’ என்னும் சோலைப்பெயர், அங்கு ஒளி இல்லாமையால் ஒளியைக் குறிக்கும் சொல்லிலிருந்தே வந்தது என்ற விளக்கத்தை முதல் நூற்றாண்டின் உரோமச் சொற்கலை ஆசிரியர் குவின்டிலியனே ஐயத்தோடுதான் எடுத்துக்காட்டினார்.) இங்கே சொல் மாறவில்லை, சொல்லின் அடியில் ஒரு கதை முளைத்திருக்கிறது.

இரண்டாவது பொருளில் சொல்லே உருமாறிவிடுகிறது. மயிலாப்பூர்ப் பக்கம் பக்கிங்காம் கால்வாயின் மேலிருந்த ஹாமில்டன் பாலம், அப்பெயர் வாயில் நுழையாத சென்னை மக்களிடம் ‘அம்பட்டன் வாராவதி’ (நாவிதர் பாலம்) ஆனதையும், அதை அப்படியே ஆங்கிலப்படுத்திப் ‘பார்பர்ஸ் பிரிட்ஜ்’ என்று வழங்கியதையும் நகர வரலாறு எழுதியோர் விரும்பிச் சொல்வார்கள். இன்று அது அம்பேத்கர் பாலம். ஆங்கிலேயரும் சளைத்தவர்கள் அல்லர்; ‘அஸ்பாரகஸ்’ என்னும் கீரைத்தண்டைப் பேச்சில் ‘ஸ்பாரோ கிராஸ்’, அதாவது சிட்டுக்குருவிப் புல், ஆக்கினார்கள். தஞ்சாவூர் ‘தஞ்சை’ ஆவது வெறும் மரூஉ. ஒலி தேய்ந்ததே தவிர, புதுப்பொருள் ஏதும் உள்ளே நுழையவில்லை. ஹாமில்டன் கதையிலோ, விளங்காத ஒலிக்குள் விளங்கும் பொருளைக் குடியேற்றவே ஒலி மாற்றப்பட்டிருக்கிறது.

எனவே நான் இரண்டு சொற்களை முன்வைக்கிறேன். கட்டிவிட்ட காரணத்துக்குப் ‘புனைவேர்’. அத்தகைய காரணத்தால் உருமாறிய சொல்லுக்குப் ‘புனைமரூஉ’. புனைகதை, புனைபெயர் ஆகியவற்றை எல்லோரும் அறிவர் என்பதால் வினைத்தொகையான இந்த அமைப்புக்கு விளக்கவுரை வேண்டாம். ‘புனை’ என்பதில் அழகுபடுத்தல் என்ற பொருளும் இருப்பதால், என் அப்பத்தாவைப் பொய்யர் என்று சொன்னதாகவும் ஆகாது.

> மரூஉ என்ற அளபெடைச் சொல்லை இன்றைய வாசகர் எப்படி எழுதுவார்?

நியாயமான கேள்வி. ‘புனைமரூஉவாக’ என்று எழுதும்போது கை சற்றுத் தயங்கத்தான் செய்கிறது. ஆனால் பள்ளி இலக்கணப் பாடத்தில் உயிரோடு இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ‘புனைதிரிபு’ என்று செய்வதில் எனக்கு உடன்பாடு குறைவு. திரிபு என்றால் யாரோ வேண்டுமென்றே கெடுத்தது போன்ற தொனி வருகிறது.

தொல்காப்பியர் உரியியலில் “மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா” என்றார். காரணம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. பார்த்தவுடன் புலப்படாது என்றார். பார்த்தவுடன் புலப்பட்டே ஆக வேண்டும் என்ற அவசரத்தில் பிறப்பவைதாம் புனைவேர்கள். வரையறை எழுதும்போது இந்நூற்பாவைச் சேர்த்துக்கொள்ளலாம்.

நம் நாள்துணுக்கு வரிசையில் வியாழனன்று கொய்யாவின் முறை. “கொய்யாமல் விழுவதால் கொய்யா என்பது புனைவேர், பெயர் போர்த்துக்கீசிய வழி வந்தது” என்று எழுதி வைத்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் புதன் இரவுக்குள் தெரிவியுங்கள். ‘சிதம்பரம்’ முழுமையான புனைமரூஉதானா, அல்லது ஒலித்திரிபு முதலில் நேர்ந்து தத்துவம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதா என்பதைக் கல்வெட்டு படித்த நண்பர்கள் தனி இழையில் எடுத்துப் பேச வேண்டுகிறேன்.

அன்புடன்.